அவளுக்கு வந்தால் மட்டும் வாய்வா?

வீட்டில் ஆம்பளைக்கு நெஞ்சு வலித்தால் ஆட்டோ வருகிறது. பொம்பளைக்கு நெஞ்சு வலித்தால் ஓமத்தண்ணி வருகிறது. நாகப்பட்டினத்தில் வெளிப்பாளையத்தில் கேட்டாலும் சரி, அக்கரைப்பேட்டையில் கேட்டாலும் சரி, கீழ்வேளூர்ப் பக்கம் வயல்காட்டில் கேட்டாலும் சரி, இதுதான் நடப்பு. பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தை. அறுபது தாண்டியவர், வெகுநாளாகச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் விடியற்காலையில் முதுகைப் பிடித்து இழுக்கிறது, குமட்டுகிறது, வேர்த்து ஊற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். "ராத்திரி மொச்சைக்கொட்டைக் குழம்பு சாப்பிட்டேன்ல, அதான் வாய்வு பிடிச்சிக்கிச்சு" என்று காரணமும் அவரே சொன்னார். சோடா வாங்கி வந்தார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள். பிறகு பக்கத்தில் ஒரு கிளினிக். அங்கே ஈசிஜி எடுக்கவில்லை; ஓர் ஊசியும் அசிடிட்டி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, காலையிலேயே மாரடைப்பு வந்திருக்கிறது, இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மேல்மூச்சு வாங்குகிறது. அதே வேர்வை மாமாவுக்கு வேர்த்திருந்தால் அந்தச் சோடா பாட்டிலை யாராவது உடைத்திருப்பார்களா? நேரே வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

உலகத்தில் பெண்களை அதிகம் கொல்லும் நோய் இதயமும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்டதுதான். 2019இல் உலகெங்கும் இறந்த பெண்களில் 35 சதவீதம் பேர் இதனால் இறந்தார்கள் என்று 2021இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு எழுதியது. மூன்றில் ஒருத்திக்கும் மேல்! ஆனாலும் மாரடைப்பு என்றதும் நம் கண்ணில் தெரிவது சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு சாயும் ஓர் ஆள். சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது, ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் படமும் அதைத்தான் காட்டுகிறது.

மருத்துவ உலகமும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 1980களில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். அதில் 22,071 டாக்டர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. பெண்ணுக்கும் ஆண் மாதிரியே நோய் வந்தால்தான் டாக்டர்கள் நம்புகிறார்கள் என்று பெர்னடின் ஹீலி என்ற பெண் இதய மருத்துவர் 1991இல் வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். இத்தனைக்கும் நம் நாட்டின் முதல் பெண் இதய மருத்துவரான பத்மாவதி, 1942இல் யுத்தத்துக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்தவர், 1954லேயே டெல்லியில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் இதயப் பிரிவைத் தொடங்கிவிட்டார். எழுபது வருடம் ஓடிவிட்டது. நம் தெருவுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

பெண்ணுக்கு நெஞ்சு வலிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கும் நெஞ்சுவலிதான் முதல் அடையாளம். ஆனால் அவளுக்கு அதோடு கூடவே முதுகு, தாடை, தோள்பட்டை என்று வலி பரவுவதும், மூச்சு வாங்குவதும், குமட்டுவதும், சொல்லத் தெரியாத அசதியும் கூடுதலாக வருகின்றன. சர்க்கரை இருந்தால் வலியே தெரியாமலும் போகலாம். நடவுக்குப் போய் நாள் முழுக்கக் குனிந்து நின்றவள் முதுகு வலிக்கிறது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? விடியுமுன் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, மீன்கூடையைத் தலையில் சுமந்து நாகூர் வரைக்கும் விற்று வருகிறவளுக்கு அசதி என்றால் "வெயில்ல அலைஞ்சது" என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம்! உழைக்கிற உடம்பு என்பதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்று ஒரு நம்பிக்கை வேறு. 52 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. பெண்ணுக்கு ஆணைவிடச் சராசரியாக ஒன்பது வருடம் பிந்தி முதல் மாரடைப்பு வருகிறது என்றது. பிந்தி வருகிறது என்றுதான் சொன்னது, வராது என்று சொல்லவில்லை. நடிகை சுஷ்மிதா சென் 2023இல் தனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததைத் தானே சொன்னார். அப்போது அவருக்கு 47 வயது. உடற்பயிற்சியில் குறை வைக்காதவர்.

கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இதயநோய் வரும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் இதைத் தெரிந்துகொள்ள வழி இல்லாமலா போனது? கர்ப்பிணிகளுக்கெல்லாம் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சென்னையில் டாக்டர் வீ. சேஷய்யா விடாமல் வலியுறுத்தி, அரசும் அதை ஏற்றுக்கொண்டது. மாதாமாதம் பிரஷர் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். குழந்தை பிறந்ததும் அந்த அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. "உனக்கு அப்போ கொதிப்பு இருந்ததே, இப்போ எப்படி?" என்று பத்து வருடம் கழித்து யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஈசிஜி எடுக்க ரவிக்கையைத் தளர்த்த வேண்டும். எடுக்கிறவர் ஆணாக இருந்து, மறைக்க ஒரு திரையும் இல்லையென்றால், எங்கள் பெண்கள் "எனக்கு ஒண்ணும் இல்ல, சரியாப்போச்சு" என்று எழுந்து வந்துவிடுவார்கள். வலியோடுதான் வருவார்கள். ஒரு துணித் திரைக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்? ஒரு நர்ஸம்மா பக்கத்தில் நின்றால் ஆகாதா?

வசதி இல்லாத காலத்தில் இப்படி நடந்திருந்தால் மனசு தேறியிருக்கும். 108க்குப் போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஒரத்தூரில் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. நெஞ்சுவலி என்று போகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டர்வாஸ்டாட்டின் என்று முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இலிருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதிலும் பாருங்கள், புருஷனுக்கு வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கிறவள் தன் மாத்திரையை மட்டும் டப்பாவோடு அலமாரியில் வைத்திருக்கிறாள். கேட்டால் "மறந்துட்டேன்க்கா" என்கிறாள். பிள்ளைகளே, அம்மா மாத்திரை போட்டாளா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா?

"நான் போயிட்டா யாரு சோறாக்குறது?" இந்தக் கேள்வியை வலியில் துடித்துக்கொண்டே கேட்கிற பெண்களை எனக்குத் தெரியும். ஒரு வேளை கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள், ஐயா. அடைப்பை நீக்க ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஓமத்தண்ணி வேலை செய்கிறதா என்று காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும் தசை திரும்ப முளைக்காது.

மகளிர் குழுக் கூட்டம் எல்லாத் தெருவிலும் நடக்கிறது. தவணை வசூலித்து நோட்டில் கையெழுத்துப் போட்டதும் எல்லோரும் அவசரமாக எழுந்துவிடுகிறோம். ஊர் நர்ஸை அழைத்துப் பத்து நிமிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வீட்டு ஆண்களையும் கூப்பிடுங்கள். 108க்குப் போன் போடும்போது "அம்மாவுக்கு வாய்வு" என்று சொல்லாதீர்கள். நெஞ்சு வலிக்கிறது, வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பப் பார்த்தால், ஈசிஜி எடுக்காமல் எழுந்து வராதீர்கள்.