பேர் தெரியாத ஜுரம்

எங்கள் ஆபீசில் வசூல் என்றால் பழுப்புக் கவர்தான். ஜி-பே வந்து இத்தனை வருஷமாகியும் கவர் சாகவில்லை. காரணம், அதன் மேல் பேரும் தொகையும் எழுத வேண்டும். முதல் ஆள் ஐநூறு போட்டால் எல்லாரும் ஐநூறு. முதல் ஆள் ஐம்பது போட்டால் போச்சு!

போன மாசம் அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு சீட் சீட்டாகப் போனவன் நான். பக்கத்து சீட் நண்பரின் மனைவிக்கு ஒரு மாசமாக ஜுரம்.

"என்ன வியாதி ஸார்?"

"டிஸ்சார்ஜ் ஷீட்ல பி.யு.ஓ.ன்னு போட்டிருக்கு."

"அடப்பாவமே!" என்று பர்ஸை எடுத்தார் ஒருவர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பைரெக்ஸியா ஆஃப் அன்நோன் ஆரிஜின், அதாவது 'ஜுரம், ஏன்னு தெரியலை' என்று விளக்கித் தொலைத்தேன். பர்ஸ் பாதி வழியில் நின்றது.

"அப்ப முதல்ல கண்டுபிடிக்கட்டும் ஸார். பாத்துக்கலாம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. முதல் இரண்டு வாரம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கான்சர், ஹார்ட், கிட்னி என்றால் கை தானாகப் பைக்குள் போகிறது. பேர் இல்லாவிட்டால், 'சும்மா உடம்பு வலியா இருக்கும்' என்கிறது மனசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு அவர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா எழுந்து காபி போடப் போனார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. டம்ளரை நீட்டும்போது பார்த்தேன். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஸ்கேனுக்குக் கழட்டச் சொன்னாங்கண்ணா" என்றார்.

ஸ்கேன் எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

யோசித்தால், பணம் கரைவதே இந்தப் பேர் தெரியாத கட்டத்தில்தான். பேர் தெரிந்துவிட்டால் மருந்து இன்னது, செலவு இவ்வளவு என்று ஒரு கணக்காவது இருக்கும். தெரியாதவரை டைபாய்டா பார், மலேரியாவா பார், டி.பி.யா பார், ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பு. எல்லா ரிசல்ட்டும் நார்மல். பில் மட்டும் நார்மல் இல்லை.

டாக்டர்களைத் திட்டியும் பிரயோஜனமில்லை. 1961-லேயே பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதற்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். 101 டிகிரிக்கு மேல் அடிக்கடி ஜுரம், மூன்று வாரத்துக்கு மேல், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் தேடியும் காரணம் அகப்படவில்லை. இன்றைக்கும் சில கேஸ்களில் அகப்படுவதில்லை. அவர்களில் பல பேருக்குத் தானாகவே சரியாகியும் விடுகிறது.

நண்பர் சொந்தக் காசில் பாலிசி எடுத்திருந்தார். ஒன்பது நாள் தனியார் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பினார். 'பரிசோதனைக்காகச் சேர்ந்த கேஸ்' என்று திருப்பிவிட்டார்கள். பாலிசியில் எறும்பு சைஸ் எழுத்தில் எக்ஸ்க்ளூஷன் 04 என்று ஒன்று இருக்கிறது. 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்தது. முக்கியமாக டெஸ்ட்டுக்காகவே போய்ப் படுத்தால் பைசா கிடையாது. உங்கள் வீட்டுப் பாலிசியிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்தம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறியது, வேளாவேளைக்கு ஊசி போட்டார்கள். 'சிகிச்சைக்காகத்தான் சேர்த்தேன்' என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி மறுபடி அனுப்பியிருக்கிறோம். மறுத்தால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். அங்கே புகார் கொடுக்க பீஸ் இல்லை.

என்னால் முடிந்தது இன்னொன்று. குமாஸ்தா புத்தி! கட்டைப்பையில் கசங்கிக் கிடந்த ரிப்போர்ட்டையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, பஞ்ச் பண்ணி, டேக் போட்டு ஒரு பைல் ஆக்கினேன். முதல் பக்கத்தில் என்றைக்கு என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட், எந்த வேளை எவ்வளவு ஜுரம். இருபது வருஷ சர்வீசில் நான் போட்ட உருப்படியான பைல் அதுதான். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, எழுதவிருந்த டெஸ்ட்டில் மூன்றை விட்டுவிட்டார். "இதெல்லாம் போன வாரமே எடுத்தாச்சே!" என்றாராம்.

கவரையும் கொஞ்சம் மாற்றினேன். ஒரே தடவை ஐநூறு வேண்டாம், மாசாமாசம் ஒண்ணாம் தேதி முந்நூறு. ஏலம் இல்லாத சீட்டு மாதிரி. எடுக்கிற ஆள் மட்டும் மாறமாட்டார். பதினைந்து பேர் சேர்ந்தார்கள். நாலாயிரத்து ஐநூறில் ஸ்கேன் எடுக்க முடியாது. ஆட்டோ, இளநீர், மாத்திரை ஓடுகிறது. தோடு இன்னும் சேட்டு கடையில்தான்.

இந்த வாரம் ஜுரம் நூறில் நிற்கிறது.

நேற்று ஒண்ணாம் தேதி. பர்ஸ்காரரிடம் கவரை நீட்டினேன்.

"என்ன வியாதின்னு தெரிஞ்சுதா ஸார்?"

"இல்ல ஸார்."

"அப்ப இந்த மாசமும் முந்நூறா?"

"ஆமாம் ஸார்."

எச்சில் தொட்டு மூன்று நூறு ரூபாய் எண்ணினார். ஒரு தரம் சரிபார்த்தார். கவரில் பேர் எழுத என் பேனாவை வாங்கியவர், இன்னும் திருப்பித் தரவில்லை.