குழாய் வழி உணவு: மாதம் 12 டின் பால் மாவு யார் பொறுப்பு?

தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2025 மே 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், பயனீட்டாளர் சங்கங்கள் ஆதரித்தன, பல வாரம் அதே பேச்சாக இருந்தது. ஆனால் படுக்கையாகிவிட்ட ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தைக் கேட்டால், மாதாமாதம் கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் மருந்துச் செலவு அல்ல என்பார்கள். மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ போட்ட குழாயில் ஊற்றும் பால் மாவின் செலவுதான் அது.

இது நம் சமுதாயத்துக்குத் தூரத்து விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே மட்டும் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் சேர்ந்த இடத்தில் அடுத்து நிற்பது பக்கவாதம். பக்கவாதத்தில் கை கால் விழுவதைத்தான் நாம் பேசுகிறோம். விழுங்கும் சக்தி போவதும் அதே அளவு சாதாரணம். அப்போது வார்டில் குழாய் போடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு நாளுக்குச் சுமார் 1,500 கலோரி வேண்டும். 850 கிராம் டின் ஒன்றில் ஏறக்குறைய 3,700 கலோரிதான் இருக்கிறது. அதாவது ஒரு டின் இரண்டரை நாள், மாதத்துக்கு 12 டின். டின் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 1,200 ரிங்கிட். நீரிழிவு நோயாளிகளுக்கான மாவு என்றால் இன்னும் கூடும். பேம்பர்ஸ், சிரிஞ்சு, குழாய், கையுறை எல்லாம் தனி. நாட்டின் குறைந்தபட்ச சம்பளமோ 1,700 ரிங்கிட். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஒரு மகனின் சம்பளத்தில் ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி அப்பாவின் குழாய்க்குள் போய்விடுகிறது.

அரசு மருத்துவமனையில் இருக்கும்வரை இந்தச் சுமை தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட். பாலும் பொதுவாக அதிலேயே அடங்கிவிடும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாத்திரைகளை மருந்தகத்தில் இலவசமாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். எத்தனை கரண்டி, எத்தனை வேளை என்று உணவியலாளர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். மாவை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அது உணவுப் பொருளாகவே கருதப்படுகிறது, மருந்தாக அல்ல. குழாயில் உயிர் வாழ்பவருக்கு அதைத் தவிர வேறு சாப்பாடே கிடையாது. இருந்தும் மருந்து உதவியிலும் அதற்கு இடமில்லை, அரிசி, எண்ணெய் போல உதவித்தொகை பெறும் உணவுப் பட்டியலிலும் இல்லை.

இதன் விளைவு மாதக் கடைசியில் தெரியும். டின் நீண்டு வரவேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். ஆறு கரண்டி போடவேண்டிய இடத்தில் நான்கு. பார்ப்பதற்கு அதே வெள்ளை நிறம், அதே அளவு. உள்ளே போவது 1,500க்குப் பதில் 1,000 கலோரி, புரதத்திலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. நோயாளியால் பசிக்கிறது என்று சொல்லவும் முடியாது. சில வாரங்களில் உடல் இளைக்கும், முதுகில் படுக்கைப்புண் வரும், வந்த புண் ஆறாது, சளி கட்டி மறுபடியும் வார்டு. 'வயசாயிடுச்சு, உடம்பு ஏத்துக்கல' என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிப் பட்டினி என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

சில வீடுகளில் கஞ்சியையோ காய்கறி சூப்பையோ அரைத்து ஊற்றுகிறார்கள். உணவியலாளர் அளவு சொல்லி, சுத்தமாகச் செய்தால் அதற்கும் வழி உண்டு. வடிகஞ்சியை மட்டும் ஊற்றினால் வயிறு நிறையும், சத்து சேராது. கெட்டியாக ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பராமரிப்பு இல்லங்களில் இதே சிக்கல் இன்னொரு வடிவில் இருக்கிறது. பெரும்பாலான இல்லங்களில் மாதக் கட்டணம் வேறு, பாலும் பேம்பர்ஸும் குடும்பத்தின் பொறுப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பிராண்டு கொண்டுவரும். நன்கொடையாக வருவதில் காலாவதித் தேதி நெருங்கிய டின்களும் இருக்கும். (பெருநாள் காலத்தில் அரசியல்வாதிகள் இரண்டு டின்னைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நோயாளிக்கு அது ஐந்து நாளுக்கு வரும்.) ஒருவர் டின் தீர்ந்தால் பக்கத்துக் கட்டில்காரரின் டின்னிலிருந்து எடுப்பது நடக்கிறது. இதில் கெட்ட எண்ணம் இருக்கவேண்டியதில்லை. கலக்குபவருக்குத் தமிழோ மலாயோ படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இனிப்புநீர் நோயாளிக்குச் சாதாரண மாவு போனால் சர்க்கரை ஏறும்.

இங்கே தேவைப்படுவது பெரிய இயந்திரம் அல்ல, ஒரு நோட்டுப் புத்தகம். யாருடைய டின், என்று வந்தது, என்று திறந்தது, எத்தனை மீதி என்று எழுதினால் போதும். திறந்த டின்னை மூன்று நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். கலக்கிய பால் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, நம் ஊர் வெயிலில் இன்னும் குறைவாக இருப்பதே நல்லது. ஒரு வாரத்துக்காவது கையிருப்பு வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாளில் குழாயில் வாழ்பவருக்குப் பொட்டலச் சோறு உதவாது. சிரிஞ்சு வாங்கும்போதும் கவனம் வேண்டும். பால் குழாயைத் தவறி ரத்தக்குழாய் ஊசியில் மாட்டிவிடாதபடி புது வகை இணைப்பு வந்திருக்கிறது. பழைய வகை சிரிஞ்சு அதில் பொருந்தாது. குழாயின் முனையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

இதையெல்லாம் யார் சரிபார்ப்பது? 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் இல்லங்கள் சமூக நல இலாகாவில் பதிகின்றன. பதியாமல் நடப்பவையும் உண்டு. தாதியர் பராமரிப்பு தேவைப்படும் முதியோர் தங்கும் தனியார் இல்லங்களைச் சுகாதார அமைச்சின் பார்வைக்குக் கொண்டுவர 2018இல் சட்டம் 802 வந்தது. அதைச் செயல்படுத்துவது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தீயணைப்பானும் கட்டில் இடைவெளியும் சோதிக்கப்படும் அளவுக்குப் பால் டின் கணக்கு சோதிக்கப்படுவதில்லை என்பதே என் எண்ணம்.

இருக்கும் உதவிகளையாவது நம்மவர்கள் முழுதாகக் கேட்டுப் பெறுவதில்லை. படுக்கையில் இருப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சமூக நல இலாகா தரும் மாத உதவி 2021 பட்ஜெட்டில் 350லிருந்து 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. வருமான வரம்பு உண்டு. சொக்சோவின் 'இலாட்' எனப்படும் இயலாமை ஓய்வூதியம் பெறுபவருக்கு எப்போதும் ஆள் துணை தேவை என மருத்துவ வாரியம் உறுதிப்படுத்தினால், மாதம் 500 ரிங்கிட் தனியாகக் கிடைக்கும். பக்கவாதம் வந்தவர் 60 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இதைத் தள்ளிப்போடக்கூடாது. பெற்றோருக்கான மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு இருக்கிறது. ஆனால் 1,700 ரிங்கிட் சம்பளக்காரர் வரியே கட்டுவதில்லை, அவருக்கு அதனால் பலனில்லை. 500 ரிங்கிட்டுக்கு ஐந்து டின், ஏறக்குறைய 12 நாள். மீதி 18 நாளுக்குத்தான் அந்தத் தண்ணீர்.

ஆகவே கேட்கவேண்டியது தெளிவு. உணவியலாளர் எழுதித் தரும் தாளை மருந்துச் சீட்டுக்குச் சமமாக்கி, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மருந்தகத்திலேயே மாவு கொடுக்க வேண்டும். மொத்தமாக வாங்கும் அரசுக்குக் கடை விலை இருக்காது. படுக்கைப்புண்ணோடு ஒருவர் வார்டுக்குத் திரும்பினால் ஆகும் செலவும் அரசுடையதுதானே.

அதுவரை, டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடும் முன் வார்டிலேயே மருத்துவ சமூகப் பணி அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் அவரைப் பிடிப்பது கடினம். பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கில் 'டொமிசிலியாரி' எனப்படும் வீட்டுப் பராமரிப்புக் குழு வருமா என்றும் கேளுங்கள். குழாய் மாற்றவும் புண் கட்டவும் அவர்கள் வருவதுண்டு. குழாய் போட்டால் போட்டதுதான் என்றும் எண்ண வேண்டாம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி பலருக்கு வாரங்களில், மாதங்களில் திரும்புகிறது. விழுங்கும் சோதனையை மறுபடி எப்போது செய்வார்கள் என்று தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.