செந்நாடாவும் சிறுவரும்

பண்பாடு என்னும் சொல்லின் நிழலிலே ஒதுங்க முயலாத அநீதி உலகில் அரிது. ஆங்கில நாட்டின் நரிவேட்டைக்காக வழக்காடுவோரும் அந்நிழலையே நாடுகின்றனர். வேட்டைக்களம் குழந்தைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் பள்ளி என்பது அவர்தம் வாதம். காலையிலே களம் புகும் பிள்ளை வேட்டைத் தலைவருக்கு வணக்கம் கூறுகிறது. மாலையிலே நன்றி சொல்லி விடைபெறுகிறது. படலையைத் திறந்து மூத்தோருக்கு வழிவிடுகிறது. இவ்வாசாரங்கள் உண்மை, இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின், பிள்ளை மூத்தோரிடம் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று இத்துணை விரிவாகப் பேசுவோர், மூத்தோர் பிள்ளையருகே எவ்வாறு குதிரை செலுத்தவேண்டும் என்ற வினா எழுந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதேன்? அவ்வினாவை உரத்துக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேட்டை என்றதும் நம்மிற் பலருக்குத் துப்பாக்கியே நினைவுக்கு வரும். ஆங்கில நரிவேட்டையிலே குதிரைமேல் வருவோர் துப்பாக்கி ஏந்துவதில்லை. மோப்பம் பற்றி ஓடுவன நாய்கள். அவற்றின் பின்னே, களத் தலைவர் ஒருவரின் கட்டளைக்கு அடங்கிப் பல குதிரைகள் புல்வெளிகளையும் வேலிகளையும் கடந்து பாய்கின்றன. நவம்பர் தொடக்கம் மார்ச் வரையிலான குளிர்காலத்தில் இது நிகழும். வளர்ந்தோர் அமரும் குதிரை ஏறத்தாழ 500 கிலோகிராம் எடையுடையது. பிள்ளைகள் அமர்வதோ மட்டக்குதிரை. அதன் உயர எல்லை 148 சென்ரிமீற்றர். சிறு பிள்ளைகளுக்குரியவை இதனினும் மிகக் குட்டையானவை. ஒரே களத்தில், ஒரே படலையினூடே, இவ்விரு வகையினரும் நெருக்கியடித்துச் செல்கின்றனர் என்பதை மனத்திருத்தியே இப்பிரச்சினையை நோக்குதல் வேண்டும்.

குதிரை மந்தையாக வாழும் விலங்கு. கூட்டம் பாய்ந்தோடும்போது தனித்துவிடப்படும் குதிரை நிலைகொள்ளாது, கடிவாளத்தை மீறும். எனவேதான் படலையை மூடுவதற்காக ஒருவர் இறங்கினால், அவர் மீண்டும் ஏறி அமரும்வரை மற்றையோர் புறப்படலாகாது என்ற விதி ஏற்பட்டது. முன்னே செல்லும் மட்டக்குதிரையை உராய்ந்தவாறு முந்தலாகாது. முந்துவதாயின் குரல்கொடுத்து, இடம்விட்டு, வேகந்தணித்து முந்தவேண்டும். தடைதாண்டும் பிள்ளையின் பின்னே நெருங்கி வரலாகாது. பிள்ளை விழுமாயின் பின்வரும் குதிரையின் குளம்புகள் அதன்மேல் இறங்கக்கூடும். இவை அலங்காரத்துக்காக ஏற்பட்ட விதிகளல்ல. விலங்கின் இயல்பையும் மனித உடலின் மென்மையையும் அறிந்தோர் வகுத்தவை.

இவ்விதிகளுள் ஒன்று தனித்து நோக்கற்பாலது. உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலிலே செந்நாடா கட்டவேண்டும். பழக்கமற்ற இளங்குதிரைக்குப் பச்சைநாடா. செந்நாடா கட்டிய குதிரையைக் கூட்டத்தின் கடைசியிலே, பிறர் அணுகாத இடத்திலே நிறுத்தவேண்டும் என்பதும் அவ்விதியின் பகுதியே. ஆனால் நடைமுறையில் முற்பாதி நிலைக்கப் பிற்பாதி மறைந்துவிடுகிறது. நாடாவைக் கட்டிவிட்டுக் கூட்டத்தின் நடுவே நிற்பவர், அருகே வந்த மட்டக்குதிரை உதைபட்டதும், “நாடா தெரியவில்லையா?” என்று பிள்ளையைக் கடிகிறார். ஒன்பது வயதுப் பிள்ளை, தன் குதிரையை அடக்குவதற்கே இரு கைகளும் போதாத நிலையில், பின்னிருந்து நெருக்கும் கூட்டத்தால் தள்ளப்பட்டு, முன்னிருக்கும் வாலின் நிறத்தை ஆராயவேண்டுமாம்! எச்சரிக்கை எச்சரித்தவரின் கடமையை மிகுவிப்பதன்றிக் குறைப்பதன்று. தன் குதிரை உதைக்கும் என்பதை அறியாதவர் மன்னிக்கப்படலாம். அறிந்து, அதை நாடாவால் அறிவித்தும் நெருக்கத்தினுள் நிற்பவர் எவ்வகையில் மன்னிக்கப்படுவார்?

இதே களத்தில் நாய்களுக்கு வழங்கப்படும் மதிப்பை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. நாய்கள் கடந்து செல்லும்போது குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி நிற்கவேண்டும். பின்கால்கள் நாயை நோக்கி இருக்கலாகாது. நாயை உதைக்கவிடுதல் களத்தின் பெருங்குற்றங்களுள் ஒன்று. அங்கே நாடா கட்டியிருந்தேன் என்ற சமாதானம் செல்லாது. நாய் விலகியிருக்கவேண்டும் என்று எவரும் வாதிடார். நாயைக் காக்கும் பொறுப்பு முழுவதும் குதிரைமேல் இருப்பவரையே சாரும். இக்கோட்பாடு நேரியது. நாய்க்குப் பொருந்தும் இக்கோட்பாடு பிள்ளைக்குப் பொருந்தாமற் போவதேன் என்பதே எமது கேள்வி.

“வேட்டைக்களம் குழந்தைக் காப்பகமன்று, குதிரையை ஆளமாட்டாத பிள்ளை வீட்டிலிருக்கட்டும்” என்பது இதற்குச் சிலர் கூறும் மறுமொழி. இஃது உண்மைக்கு மாறானது. பிள்ளை அழையா விருந்தாளியாக வந்ததன்று. சிறுவர்க்கெனக் குறைந்த கட்டணம் விதித்தவர்கள், பாடசாலை விடுமுறையிலே சிறுவருக்கெனத் தனி வேட்டைநாள் ஒதுக்கியவர்கள் வேட்டைச் சங்கத்தினரே. 1929ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட மட்டக்குதிரைக் கழகத்தின் கிளைகள் பலவும் அவ்வப் பகுதி வேட்டைச் சங்கங்களின் பெயரையே தாங்கின. முதன்முறை நரி கொல்லப்படக் கண்ட பிள்ளையின் கன்னத்திலே அதன் குருதியைப் பூசி, இவன் எம் வழித்தோன்றல் என முத்திரையிடும் வழக்கமும் முன்னர் இருந்தது. வாரிசு தேவைப்படும்போது வரவேற்று, வாரிசு தடுமாறும்போது விரட்டுதல் எவ்வகை ஒழுக்கம்?

சட்டம் காக்கும் என்று ஆறுதலடையவும் இயலாது. 1990ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமொன்று 14 வயதுக்குட்பட்டோர் குதிரையேறும்போது தலைக்கவசம் அணிதலைக் கட்டாயமாக்கிற்று. ஆயின் அது வீதியில் செல்வோருக்கே உரியது. வீதியை விட்டு வயலினுள் புகுந்ததும் அச்சட்டம் பின்தங்கிவிடுகிறது. அதற்கப்பால் பிள்ளைக்கு அண்மையான காவல் மூத்தோரின் ஆசாரமே. அவ்வாசாரமும் வெறும் நாடாவாகச் சுருங்குமாயின் எஞ்சுவது யாது?

அவர்களின் இறுதி அரண், “நரி காத்திராது” என்பதாகும். விரைவு வேட்டையின் உயிர். பிள்ளைக்காகப் படலையருகே தாமதித்தால் வேட்டை கைநழுவும் என்றனர். இவ்வரணும் தகர்ந்துவிட்டது. 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் 2005 பெப்ரவரி 18ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, இங்கிலாந்திலும் வேல்சிலும் நாய்க்கூட்டத்தைக் கொண்டு நரியைத் துரத்திக் கொல்லுதல் குற்றமாகும். அதன்பின் சங்கங்கள் தாம் மேற்கொள்வதாகக் கூறுவது, விலங்கின் மணமூட்டிய துணியை நிலத்தில் இழுத்துச் செயற்கையாக இட்ட தடத்தைப் பின்பற்றும் ஓட்டம். இதுவும் சட்டத்தை மறைக்கும் திரையே என்று எதிர்ப்பாளர் குற்றஞ்சாட்டுகின்றனர். இதனையும் தடைசெய்வதாகத் தொழிற்கட்சி தனது 2024ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்களித்தது. அது நிற்க. சங்கத்தினரின் கூற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்வோம். மனிதன் இட்ட தடம் மனிதனுக்காகக் காத்திருக்கும். ஒரு பிள்ளை தன் மட்டக்குதிரையை அமைதிப்படுத்தும் ஐந்து நிமிடத்தில் அத்தடம் ஓடி ஒளிந்துவிடாது. இதன்பின்னும் காத்திருக்க மறுப்போர், தாம் துரத்துவது தடத்தையன்று என்று ஒப்புக்கொள்ளட்டும். அல்லது காத்திருக்க மனமில்லை என்று ஒப்புக்கொள்ளட்டும்.

சீக்பிரீட் சசூன் 1928இல் வெளியிட்ட ‘நரிவேட்டைக்காரன் ஒருவனின் நினைவுகள்’ என்ற நூலிலே, நரியைக் கண்டதும் மற்றொரு சிறுவன் கூச்சலிட, அதனைப் பிடித்துவிடுவார்களே என்று இரக்கத்தால் வாய்விட்டுக் கூறிவிடுகிறான் கதைசொல்லும் சிறுவன். பின்பு அதற்காக வெட்கித் தவிக்கிறான். பிள்ளை எதற்கு அஞ்சக் கற்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இன்றும் களத்திலே பயந்த பிள்ளை “நில்லுங்கள்” என்று கூறாமைக்குக் காரணம் இத்தகைய வெட்கமே. மூத்தோரின் கண்ணில் இழிந்துவிடுவோம் என்ற அச்சம், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தை வென்றுவிடுகிறது. கேட்கத் துணியாத உதவியை முன்னறிந்து வழங்குதலே மூத்தோரின் ஆசாரமாகும்.

இதன் வேர் களத்தின் வரிசைமுறையிலே உள்ளது. தலைவரும் நிலவுடைமையாளரும் முன்னே, ஏனையோர் பின்னே என்ற மரபிலே பிறந்த ஆசாரம் கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் பணிவைக் கூர்ந்து கவனிக்கும். மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லவேண்டிய பரிவைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடும். ஆசாரமனைத்தையும் பிரபுத்துவப் பகட்டு என்று எள்ளி நகையாடுவோருடனும் நாம் உடன்படவில்லை. படலையருகே இறுதிப் பிள்ளை ஏறி அமரும்வரை நிற்றல் பகட்டன்று; அவ்வொரு விதிக்காக மற்றைய விதிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த விதியை முழுமையாகக் கைக்கொள்ளட்டும். உதைக்கும் குதிரையோடு வருவோர் கடைசியில் நிற்கட்டும். பிள்ளையை உராய்ந்து பாய்வோரைக் களத் தலைவர், நாயை மிதித்தவரை அனுப்புவதுபோல், அன்றே வீட்டுக்கு அனுப்பட்டும். அதன்பின் வேட்டைக்களத்தை ஒழுக்கப்பள்ளி என்று அழைப்பதா என்பதை நாம் ஆராயலாம்.