ஜன்னலில் ஒட்டிய வெள்ளம்

2015 டிசம்பர் 3. சென்னையில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்திருந்த நேரம். வெள்ளச் சேதத்தைப் பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் ஒரு படம் வெளியிட்டது. அதில், அவர் பார்த்துக்கொண்டிருந்த வட்ட ஜன்னலுக்கு வெளியே, தண்ணீரில் நிற்கும் கட்டடங்கள் துல்லியமாகத் தெரிந்தன. அசல் படத்தில் அங்கே தெரிந்ததோ மங்கலான நிலப்பரப்புதான். கண்டனம் கிளம்பியதும் படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்ததை ஒப்புக்கொண்டு அலுவலகம் வருத்தம் தெரிவித்தது.

பயணம் உண்மை, வெள்ளமும் உண்மை. அப்படியிருந்தும் இது தவறுதான். எங்கிருந்து, எப்போது, என்ன தெரிந்தது என்பதற்குச் சாட்சியாகத்தான் செய்திப் படத்தை நம்புகிறோம். வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம். இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை அழிக்கவோ யாருக்கும் உரிமையில்லை. ஒரு போலி பிடிபட்டால், மொட்டை மாடியில் சோற்றுப் பொட்டலத்துக்குக் காத்திருந்தவர்களின் அசல் படத்தையும் ஊர் சந்தேகிக்கும். அன்று இப்படிப் படங்களை இணைக்கக் கைத்திறன் வேண்டியிருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கு ஒரு வரி போதும். இணைத்த படமென்றால் அதன் கீழேயே அப்படி அச்சிட வேண்டும். ஒவ்வொரு செய்தி நிறுவனமும் அரசு அலுவலகமும் இதை எழுதப்பட்ட விதியாக்க வேண்டும்.