காட்டுப்பாதைக்கு எந்த அடுப்பு?



கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடக்கப் போகிறார்களாம். "அடுப்பும் பாத்திரமும் சங்கக் காசில் வாங்க வேண்டும். எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார். இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

உகந்தை முருகன் கோயிலைக் கடந்தால் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாலைந்து நாள் நடை. இடையில் கடை கிடையாது. சமைப்பதற்கு வேண்டியதெல்லாம் நம் தோளில்தான் வரவேண்டும்.

நான் போனபோது நுகேகொடையில் ஒரு கடையில் பெட்டிக்குள் வைக்கும் சின்னக் காஸ் அடுப்பு ஒன்று வாங்கிப் போனேன். பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் அதன் ரின் ஒன்றில் இருப்பது 220 கிராம் அளவு வாயு. முழுச் சுவாலையில் ஒன்றரை மணித்தியாலம்தான் போகும். காற்று அடித்தால் அதுவும் இல்லை. இரண்டாம் நாளே இரண்டு ரின்னும் முடிந்துவிட்டன. இதில் இன்னுமோர் ஆபத்து உண்டு. அடுப்பைவிட அகலமான பானையை வைத்தால் சூடு ரின் பக்கம் திரும்பி, ரின் வெடிக்கக்கூடும். ஒன்பது பேருக்குச் சமைக்கும் பானை நிச்சயம் அகலமாகத்தான் இருக்கும். இரண்டு பேர் தேநீர் வைக்க அது போதும். உங்களுக்கு வேண்டாம்.

மண்ணெண்ணெய்க் குக்கர் நமக்குப் பழகியது. ஆனால் எண்ணெய் கசிந்தால் அரிசி மூட்டை முழுவதும் நாறிப்போகும். எரியும்போது எண்ணெய் ஊற்றுவது, எரிகிற குக்கரைத் தூக்குவது, எண்ணெயில் பெற்றோல் கலப்பது ஆகிய மூன்றும் உயிருக்கு ஆபத்து. காஸோ, மண்ணெண்ணெயோ, விறகோ எதுவானாலும் கூடாரத்துக்குள்ளோ பூட்டிய அறைக்குள்ளோ எரிக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணம் இல்லை. தலையிடி, மயக்கம் என்று தொடங்கி ஆளையே கொன்றுவிடும்.

ஆகவே என் யோசனை விறகுதான். வனசீவராசிகள் அதிகாரிகள் அன்றைக்குச் சொல்லும் நிபந்தனையை முதலில் கேளுங்கள். அனுமதி இருந்தால் உங்களூர்க் கொல்லரிடம் மூன்று காலுள்ள இரும்பு வளையம் ஒன்று செய்வியுங்கள். ஆற்றுக்குள் கிடந்த ஈரக்கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள், சூட்டில் வெடித்துச் சிதறும். விழுந்து கிடக்கும் காய்ந்த தடி போதும், பச்சை மரத்தில் கை வைக்க வேண்டாம். இருட்டுமுன் சமைத்து முடியுங்கள். தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே அவ்விடத்தை விடுங்கள். அந்த மாதங்களில் புல் காய்ந்து கிடக்கும்.

வீட்டுக்கு வாங்குவதானால் இரண்டு வாயுள்ள அனகி மண் அடுப்பைச் சொல்லியிருப்பேன். விறகு மிச்சம். ஆனால் சுமந்து நடக்க ஏற்றதல்ல.

பாத்திரத்தில், ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி போட்டால் ஐந்தாறு லீற்றர் கொள்ளும் அலுமினியப் பானை வேண்டும். அதற்குள் அடங்கும் கறிச்சட்டி ஒன்று, அதற்குள் அடங்கும் கேத்தல் ஒன்று. மூன்றுக்கும் மூடி வேண்டும். மூடி இருந்தால் விறகு குறையும், சாம்பலும் விழாது. பிளாஸ்ரிக் பிடி உள்ளதை எடுக்காதீர்கள். புளிக்கறியை அலுமினியத்தில் இரவு முழுக்க விடாதீர்கள். பானையின் வெளியே சவர்க்காரம் பூசி அடுப்பில் வைத்தால் கரி இலகுவில் கழுவுப்படும். குடிதண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். அடுப்பு மூட்ட முடியாத நாளுக்கு அவலும் வறுத்த பயற்றம்மாவும் சர்க்கரையும் கையில் இருக்கட்டும்.

எங்களுடன் முல்லைத்தீவு அக்கா ஒருவர் வந்தார். 2009இல் ஒவ்வொரு இடமாக ஓடியபோது ஒவ்வொரு பாத்திரமாக விட்டுவிட்டு, கடைசியில் ஒரு ரின்பேணியில் கஞ்சி காய்ச்சியவர். புறப்படும் நாளில் அவர் மூட்டையில் ஏழு பாத்திரங்கள். "எல்லாத்தையும் கொண்டுபோவம் பிள்ளை, பிறகு இல்லாமப் போனா?" என்றார். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. உகந்தையில் அவராகவே நாலு பாத்திரங்களை எடுத்து, ஊருக்குத் திரும்பும் வாகனத்தில் ஏற்றினார். "வரேக்க வீட்டில இருக்கும்தானே," என்றார். நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு கஞ்சி காய்ச்சியது அவர்தான்.

சகோதரிகளே, பொதியைக் கட்டும்போது யாராவது ஒருவர் அதிகமாகக் கட்டினால் சிரிக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். சமையலையும் ஒருவர் தலையில் போடாமல் நாள் முறை வைத்துச் செய்யுங்கள். போய்வந்த பிறகு எழுதுங்கள். எந்தப் பாத்திரம் உதவியது, எது வீண் சுமையானது என்று அடுத்தவர்களும் அறிந்துகொள்ளட்டும்.