பழைய சித்திரம், புதிய போட்டோ

பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி மீது ஒட்ட, ஊரின் பழைய கோட்டைப் படத்தை அச்சிட நினைக்கிறாள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை அது. இன்று மிஞ்சியிருப்பது இடிபாடும் புதரும்தான். நல்லவேளை, யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார் 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட புத்தகத்தில் அதன் சித்திரம் இருக்கிறது.

"போட்டோ எங்களுடையது, பணம் கொடு" என்று ஒரு நோட்டீஸ் வந்தால் பாவம், அவள் பெட்டி முடைவதையே விட்டுவிடுவாள். வேண்டாம் அம்மா! சித்திரக்காரர் இறந்து 60 வருஷம் கழிந்தால் நம் சட்டப்படி சித்திரம் பொதுச் சொத்து. அதை அச்சு அசலாக நகலெடுத்த போட்டோவில் புதிதாக என்ன இருக்கிறது? 1999-ல் பிரிட்ஜ்மன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இதையே சொல்லிற்று. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாதுதான். ஆனால் நம் உச்ச நீதிமன்றமும் 2007-ல், சட்டப் புத்தக வழக்கொன்றில், வெறும் உழைப்பு போதாது, சொந்த யோசனையும் சிறிது வேண்டும் என்றது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியமோ தன்னிடமுள்ள பழைய படங்களைத் தாராளமாக இலவசமாகவே தருகிறது.

டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளின் போட்டோ என்றால் கதை வேறு. கோணமும் வெயிலும் நிழலும் பார்த்து எடுத்தவருக்குப் பாத்தியதை உண்டு. போட்டோ வெளியாகி 60 வருஷம் வரை. அவரைக் கேட்டுத்தான் அச்சிட வேண்டும். இல்லையா, ஒரு காமிராவோடு நீங்களே போய் எடுத்து வாருங்கள். திரும்பும்போது ஏரி இறாலும் வாங்கலாம்!