கடிவாய்க்கு மேல் கயிறு வேண்டாம்
பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியில் மழை வெள்ளம் சூழும்போது, பாம்புகளும் மேடு தேடி வீடுகளுக்குள் வருகின்றன. கடிவாய்க்கு மேல் கயிற்றை இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் விஷத்தை வெளியேற்றாது; இறுக்கிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே பறித்துவிடக்கூடும். செய்ய வேண்டியவை சிலவே. வீக்கம் ஏறுமுன் மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்ற வேண்டும். கடிபட்ட உறுப்பு அசையாதபடி மரச்சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். நடக்கவிடாமல் 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போக அவசியமில்லை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கை, 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தருகிறது. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம். பின்னர் இமை சரிந்து மூச்சுத்திணறலும் வரலாம். எனவே, 'விஷமில்லாத தண்ணீர்ப் பாம்புதான்' என்று வீட்டில் தீர்ப்பு எழுதுவதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உயிரோடு விளையாடுவதே. 2024-ல் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது; மருத்துவமனைக்கு வராதவரின் கடி அந்தக் கணக்கிலும் சேராது.